செத்த பிறகு அடித்த அலாரம்

அலாரம் அடித்தபோது எவ்ஜென் செத்து அரைமணி நேரமாவது ஆகியிருக்கும்.

போலீஸுக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. இருதய வார்டு நர்ஸ் ஸம்ஃபிரா, மேசைக் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பதற்காக அலாரத்தின் வாயை அடைத்தாள். பார்வையாளர்கள் கலைந்த பிறகு ஞாபகம் வந்து திறந்துவிட்டாள். அதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரரே சாட்சி. பாட்டு நன்றாகக் கேட்டதாம், அலாரம் கேட்கவே இல்லையாம்.

ஸம்ஃபிரா மறுத்திருந்தாலாவது பரவாயில்லை. விசாரணையில் அவள் வாயைத் திறந்து சொன்னது ஒரே வாக்கியம்தான்.

"என்னாலதான் செத்தாரு."

இன்று பிற்பகல் அவளை நீதிபதி முன்னால் நிறுத்திக் காவலை நீட்டிக்கப் போகிறார்கள்.

"குற்றத்தை ஒத்துக்கிட்ட பொண்ணைக் காப்பாத்த, செத்தவரோட சம்சாரமே நம்மளை அனுப்பியிருக்காங்க" என்றான் ரெமுஸ், ட்ராம் வண்டியின் பின்புறத்தை முறைத்தபடி. திமிஷோரா நகரம் முழுக்க அவன் கார் எந்த ட்ராமையும் முந்தியதாக வரலாறு இல்லை. வாயில் எள் தூவிய வளைய ரொட்டி. "இதுல யாரு நம்ம கட்சி, யாரு எதிர்க்கட்சின்னு ஒரு அட்டையில எழுதி என் கழுத்துல மாட்டிவிட்டீங்கன்னா நல்லா இருக்கும் மேடம்."

பக்கத்து இருக்கையில் ஒதிலியா கண்ணை மூடியிருந்தாள். துப்பறியும் நிறுவனம் தொடங்குவதற்கு முன் அவள் போலீஸில் இருந்தவள். கண்ணை மூடினால் தூக்கம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. ரெமுஸும் அவர்களில் ஒருவன்.

"அந்த அம்மா சிதோனியாவுக்குக் காசியன் மேல சந்தேகம்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "எவ்ஜெனும் காசியனும் ரொம்ப வருஷக் கூட்டாளிங்க. வார்டு வார்டா ஓடுற அந்த அலாரம் கம்ப்யூட்டரோட அடித்தளத்தை ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினாங்க. கடைசியில சண்டை."

"அப்ப காசியன்தான் அலாரத்தை வாயடைச்சிருப்பான்."

"யாரும் வாயடைக்கல."

ரெமுஸ் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான்.

"அலாரம் அடிச்சப்ப திரையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் ஒதிலியா.

"'இதயத்துடிப்பு அதிகம்'னு இருந்துச்சு. நர்ஸ் ஓடிப்போய்ப் பார்த்தா ஆளு ஜில்லுன்னு கிடக்காரு. மெஷின் உளறியிருக்குன்னு இன்ஸ்பெக்டர் சிரிச்சாரே."

"வாயை அடைச்சுட்டு அப்புறம் திறந்துவிட்டா, அது அந்த நேரத்து நிலைமையைத்தான் கத்தும். துடிப்பே இல்லைன்னு கத்தியிருக்கணும். இது பழைய சேதியைக் கத்தியிருக்கு. துடிப்பு எகிற ஆரம்பிச்சப்ப, ஆளு உயிரோட இருந்தப்ப கிளம்பின சேதி. லேட்டா வந்து சேர்ந்திருக்கு."

"தபால் மாதிரி."

"தபால் லேட்டா வந்தா என்ன அர்த்தம்?"

"நம்ம ஊருன்னு அர்த்தம்."

"வழியில எங்கேயோ நின்னிருக்குன்னு அர்த்தம்" என்று கண்ணைத் திறந்தாள் ஒதிலியா. "அது எங்க நின்னுச்சுன்னு காசியனுக்குத் தெரியும். இடதுபக்கம் திருப்பு."

காசியன் நாலாவது மாடியில் தனியாக இருந்தான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவனின் காலில் வீட்டுச் செருப்பு, கண்ணில் பல நாள் தூக்கமின்மை. ஐம்பதைத் தொட்டிருக்கலாம். சமையலறை மேசையில் மூன்று கம்ப்யூட்டர்கள், நடுவே பாதி காலியான கத்தரிக்காய்த் தொக்கு ஜாடி.

"போலீஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றான்.

"அதைப் படிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள் ஒதிலியா, கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தபடி. "வார்டு கம்ப்யூட்டரோட டிஸ்க்கை உங்ககிட்ட கொடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. அலாரத்தோட ஒலியை யாராவது நிறுத்தினாங்களா? நீங்க என்ன பதில் எழுதினீங்க?"

"மெஷின்ல பழுது இல்லைன்னு எழுதினேன்."

"அது மட்டுமில்ல. 'அலாரத்தின் வரிசையை யாரும் மாற்றவில்லை'ன்னும் எழுதியிருக்கீங்க. வரிசையைப் பத்தி அவங்க கேக்கவே இல்லையே சார். கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்?"

காசியன் தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தான். அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோனான்.

"அது என்ன வரிசை?" என்றாள் ஒதிலியா.

சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்தான். தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

"டிஸ்க் ஒண்ணுதான். கேக்கிற ஆளுங்க நூறு. ஒரு நிரல் படிக்கணும்கும், ஒரு நிரல் எழுதணும்கும். எல்லாரையும் ஒரே நேரத்துல விட முடியாது. யாரை முதல்ல விடறது, யாரை நிறுத்தி வைக்கிறதுன்னு உள்ள உட்கார்ந்து முடிவு பண்றதுதான் கெர்னல். நாங்க அதுல மூணு வரிசை வெச்சிருக்கோம். அவசர வரிசை, சாதாரண வரிசை, கடைசி வரிசை."

"கடைசி வரிசைன்னா?"

"வேற யாருமே கேக்காதப்ப மட்டும் அதுக்கு முறை. ஒரே ஒருத்தன் குறுக்க வந்தாலும் அது ஒதுங்கி நிக்கணும். அவசரமே இல்லாத வேலைக்கு. பழைய கோப்பு நகல் எடுக்கிறது மாதிரி."

"எங்க வீட்டுல காலையில குளிக்கிற முறை மாதிரி" என்றான் ரெமுஸ். "நான் கடைசி வரிசை. அதனாலதான் எப்பவும் இப்படி இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"அலாரம் சத்தம் போடுறதுக்கு எதுக்கு டிஸ்க்?" என்றாள் ஒதிலியா.

"முதல்ல எழுது, அப்புறம் கத்து. நாளைக்கு வழக்குன்னு வந்தா ஆதாரம் வேணும்னு மருத்துவமனைங்க கேட்டுக்கிட்டாங்க. அலாரம் சேதியை டிஸ்க்ல எழுதி முடிச்சாத்தான் மணி அடிக்கும். எழுதறதுக்கு ஒரு கண் இமைக்கிற நேரம் போதும். எப்பவும் போதும்."

"அன்னிக்குப் போதல. டிஸ்க்கை வேற யாரு பிடிச்சுக்கிட்டிருந்தா?"

"நடைபாதைக் காமிராங்க. மனுஷங்க அசைஞ்சா பதிவு பண்ணும், இல்லேன்னா சும்மா இருக்கும். பார்வையாளர் நேரத்துல நடைபாதை பூரா ஜனம். விடாம எழுதிக்கிட்டே இருந்திருக்கும்."

"ஜனம் கலைஞ்சதும்?"

ரெமுஸுக்குப் புரிந்துவிட்டது. ஜனம் கலைந்தது. காமிராக்கள் ஓய்ந்தன. டிஸ்க்குக்கு யாருமே இல்லாத ஒரு நொடி வந்தது. அதுவரை வாசலிலேயே நின்றிருந்த சேதி அப்போதுதான் உள்ளே போனது. பிறகு மணி அடித்தது.

அந்த வார்டில் நோயாளிகள் தூங்கவேண்டும் என்று படுக்கையோரக் கருவிகளின் ஒலியைக் குறைத்திருந்தார்கள். ஸம்ஃபிரா அந்த நேரம் கோடிக் கட்டில்களில் ஒவ்வொருவராக ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். மேசைத் திரையைப் பார்க்க ஆளில்லை. காதை நம்பித்தான் வார்டு நடந்தது.

"ஆனா பாட்டு ஓடிச்சே" என்றாள் ஒதிலியா மெதுவாக. "அதே டிஸ்க்லேர்ந்து. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு, திக்காம, தடங்கலில்லாம. பாட்டு சாதாரண வரிசை. அதுக்கு முறை வந்துக்கிட்டே இருந்திருக்கு. அலாரத்துக்கு வரல. ஒரு மனுஷனோட உயிரு, பாட்டுக்கும் கீழே நின்னிருக்கு. அலாரத்தைக் கடைசி வரிசைக்குத் தள்ளினது யாரு?"

"யாரும் தள்ளல. சத்தியமா சொல்றேன். டிஸ்க் முழுக்கத் தேடியாச்சு. அலாரத்தை இறக்குன்னு ஒரு கட்டளைகூட யாரும் போடல."

"எங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க. நான் மரமண்டை. கண்ணால பார்த்தாத்தான் ஏறும்."

காசியன் தயங்கினான். பிறகு ஒரு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினான். திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, ராட்சசக் கோப்பு ஒன்றை டிஸ்க்கில் எழுத விட்டான். "இது காமிரான்னு வெச்சுக்கோங்க." பக்கத்தில் இன்னொரு கறுப்பு ஜன்னல். அதைக் கடைசி வரிசையில் போட்டு, அதிலிருந்து ஒரு நகல் வேலையைக் கிளப்பினான். நகல் அசையாமல் நின்றது. "பார்த்தீங்களா? காத்துக்கிட்டிருக்கு."

"பாட்டு?" என்றான் ரெமுஸ். "பாட்டு மட்டும் எப்படி ஓடுதுன்னு காட்டுங்க சார். சோகப்பாட்டா இல்லாம பார்த்துக்கோங்க."

காசியன் விரல்கள் பழக்கதோஷத்தில் ஓடின. ஒரு பாட்டைத் திறந்தான்.

கிளாரினெட் ஒரு கணம் வீறிட்டது. நின்றது. மறுபடி ஒரு துண்டு. மறுபடி மௌனம்.

காசியன் சட்டென்று அதை மூடினான். வேறொரு புது ஜன்னலைத் திறந்து அதே பாட்டைப் போட்டான். இப்போது தண்ணீர் மாதிரி ஓடியது.

"கை தவறிடுச்சு" என்றான்.

"எங்க தவறுச்சு?" ஒதிலியா மேசையில் குனிந்தாள். "நீங்க நகலைத்தானே கடைசியில தள்ளினீங்க? பாட்டை எதுவும் பண்ணலையே. அது ஏன் திக்குச்சு?"

காசியன் தொக்கு ஜாடியை எடுத்துத் தள்ளி வைத்தான்.

"ரெண்டாவது ஜன்னல்லேர்ந்து பாட்டைத் திறந்தீங்க. அந்த ஜன்னலே கடைசி வரிசையில இருக்கு. அப்ப அதுலேர்ந்து கிளம்புற எல்லாமே..."

"கடைசி வரிசைதான்" என்றான் காசியன். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. "தாய்க்கு எந்த வரிசையோ பிள்ளைக்கும் அதே வரிசை. பிறக்கும்போதே."

"ஆக நீங்க பொய் சொல்லல. அலாரத்தை யாரும் கீழே இறக்கல. அது கீழேயே பிறந்திருக்கு."

ரெமுஸ் எழுந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றான். அகலத்தில் அவனும் கதவும் கிட்டத்தட்ட ஒன்று. "சார், செருப்பைக் கழட்டிட்டு ஷூ மாட்டுங்க. கூட்டாளியை முடிக்க உங்களுக்கு நல்ல வழிதான் கிடைச்சுது."

காசியன் சிரித்தான். அந்தச் சிரிப்பு ரெமுஸுக்குப் பிடிக்கவில்லை.

"உட்காரு ரெமுஸ்" என்றாள் ஒதிலியா. "இவர் தன்னைக் காப்பாத்திக்கல. வேற யாரையோ காப்பாத்துறாரு. ஜெயில்ல இருக்கிற அந்தப் பொண்ணும் அதே ஆளைத்தான் காப்பாத்துது."

"யாரை?"

"பக்கத்துக் கட்டில்காரர் நேத்து நம்மகிட்ட என்ன சொன்னாரு? பாட்டு காலையில திக்கித் திணறிச்சாம். மதியத்துக்கு மேல சுத்தமா ஓடிச்சாம். அப்ப யாரோ சரி பண்ணியிருக்காங்க. சரி பண்ணின ஆள் யாருன்னு ஸம்ஃபிராகிட்ட கேட்டேன். சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிச்சு. இந்த ஊர்ல ஒரு பாட்டைச் சரி பண்றதுக்காக டிஸ்க் வரிசையில கை வைக்கிற ஆளுங்க ரெண்டே பேர். ஒருத்தர் இங்க வீட்டுச் செருப்போட உட்கார்ந்திருக்காரு."

ரெமுஸின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

"இன்னொருத்தர்" என்றாள் ஒதிலியா, "அந்த வார்டுலயே படுத்திருந்தாரு."

காசியன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"டிஸ்க்கைத் திறந்த உடனே தெரிஞ்சுபோச்சு" என்றான் விரல்களுக்குள்ளிருந்து. "எவ்ஜென் கட்டளை எழுதுற விதம் எனக்குத் தெரியாதா? அவரு கையெழுத்து மாதிரி அது. நகல் எடுக்கிற வேலை ஒண்ணு டிஸ்க்கைப் போட்டு அழுத்திக்கிட்டிருந்திருக்கு. அதை நிறுத்தி, ஒரு ஜன்னலைக் கடைசி வரிசைக்கு இறக்கி, அதுலேர்ந்து திரும்பக் கிளப்பியிருக்காரு. சரியான வேலை. பாட்டு ஓட ஆரம்பிச்சிருக்கும். அதோட நிறுத்தியிருக்கலாம். இத்தனை நாள் அழுத்தத்துல அலாரமும் திணறிப்போயிருக்கும்னு நினைச்சிருக்காரு. நல்ல மனசுதான். அதையும் நிறுத்திட்டுப் புதுசா கிளப்பினாரு."

"அதே ஜன்னல்லேர்ந்து" என்றான் ரெமுஸ்.

"அதே ஜன்னல்லேர்ந்து. தாயோட வரிசை பிள்ளைக்குங்கிற அந்த விதியை எழுதினவரே அவருதான் தம்பி. எங்க சண்டையே அதைப் பத்தித்தான். அலாரம் மாதிரி நிரலுக்கு அது ஆபத்துன்னு நான் சொன்னேன். எவன் அலாரத்தைக் கொண்டுபோய் அப்படிக் கிளப்பப் போறான்னு அவரு கேட்டாரு. இப்ப செத்துட்டாரு. செத்தவர்கிட்ட நான்தான் ஜெயிச்சேன்னு ஊர் முன்னாடி சொல்லச் சொல்றீங்களா? பேராவது மிஞ்சட்டும்னு நினைச்சேன். ஆதாரம் இல்லேன்னு அந்தப் பொண்ணை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"விடப்போறதில்ல. சரி, அதை விடுங்க." ஒதிலியா எழுந்தாள். "இதே கெர்னல் வேற எத்தனை மருத்துவமனையில ஓடுது?"

காசியன் கைகளை விலக்கினான்.

"அங்கெல்லாம் அலாரத்தை யாரும் இப்படித் திரும்பக் கிளப்பலைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அந்தக் கேள்வியை அவன் இதுவரை தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. செத்தவரையே பார்த்துக்கொண்டிருந்தவன், படுத்திருப்பவர்களைப் பார்க்கவில்லை.

"கோட்டை மாட்டுங்க" என்றாள் ஒதிலியா.

நீதிமன்ற நடைபாதையில் நீளமான ஒரு பெஞ்சு. ஒரு கோடியில் கறுப்புக் கோட்டில் சிதோனியா. மறு கோடியில் கையில் விலங்கோடு ஸம்ஃபிரா, பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். இருவருக்கும் நடுவே பத்துப் பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.

காசியனைப் பார்த்ததும் சிதோனியா எழுந்தாள். "பிடிச்சுட்டீங்களா இவனை?"

ஒதிலியா அவளைச் சுவரோரமாக அழைத்துப்போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ரெமுஸ் தள்ளி நின்று அந்த அம்மாளின் முதுகை மட்டும் பார்த்தான். அது ஒரு தடவை அதிர்ந்தது. பிறகு கல் மாதிரி ஆனது.

"பொய்" என்றாள் சிதோனியா. "கீபோர்டைத் தொட மாட்டேன்னு என் தலையில கை வெச்சு சொன்னாரு. டாக்டர் சொல்லியிருந்தாரு, நான் சொல்லியிருந்தேன். பொய்."

அவளே திரும்பி நடந்தாள், பெஞ்சின் மறுகோடிக்கு. பெண் போலீஸ் எழுந்து தடுக்கப் பார்த்தாள். ஒதிலியா தலையசைத்து அவளை நிறுத்தினாள்.

"நீதான் அவரை உட்கார வெச்சியா?"

ஸம்ஃபிரா நிமிர்ந்தாள். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். உதடெல்லாம் வெடித்துப்போயிருந்தது.

"கெஞ்சினாரு அம்மா. பாட்டு திக்குறது தாங்கலைன்னாரு. அஞ்சே நிமிஷம்னு குழந்தை மாதிரி கேட்டாரு. என் நாற்காலியைக் கொடுத்துட்டு நான் காவல் நின்னேன். உங்ககிட்ட சொல்லிடாதேன்னாரு." விலங்கு மாட்டிய கைகளைக் குனிந்து பார்த்தாள். "அந்தக் களைப்புதான் அவரைக் கொன்னுடுச்சு. நான் நாற்காலியைக் கொடுக்காம இருந்திருந்தா இருந்திருப்பாரு."

"அதனாலதான் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? களைப்புன்னு நினைச்சு?"

"வேற என்ன இருக்கு அம்மா?"

சிதோனியா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிக்கப் போகிறாளோ என்று ரெமுஸ் ஓர் எட்டு முன்னால் வைத்தான்.

"அந்த அஞ்சு நிமிஷம்" என்றாள் சிதோனியா, "எப்படி இருந்தாரு?"

"சீட்டியடிச்சாரு."

சிதோனியாவின் முகம் கோணியது. "சீட்டியா? கிறுக்கு மனுஷன். முப்பது வருஷத்துல என் முன்னால ஒரு தடவை சீட்டியடிச்சதில்ல." பெஞ்சில் உட்கார்ந்தாள், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே. விலங்கு மாட்டிய கைகளைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "உன் நாற்காலி இல்லடி. களைப்பும் இல்ல. உள்ள போய்க் கேட்டுக்கோ."

உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. காசியன் தான் எழுதிக் கொடுத்த அறிக்கை பாதி உண்மை என்று சொன்னான். மீதிப் பாதியையும் சொன்னான். நீதிபதிக்கு டிஸ்க் வரிசை எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பழைய சேதி லேட்டாகக் கத்தியது புரிந்துவிட்டது. இறந்தவரின் மனைவி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.

"எழுதிக்கோங்க" என்றாள் சிதோனியா. "என் புருஷன் கைதான். இந்தப் பொண்ணு இல்ல."

ஸம்ஃபிராவின் விலங்கைக் கழற்றினார்கள். அவள் அழவில்லை. மணிக்கட்டைக்கூடத் தேய்த்துக்கொள்ளவில்லை. தான் கொல்லவில்லை என்று யார் சொன்னாலும் நம்ப அவளுக்கு இன்னும் நாளாகும் என்று ரெமுஸுக்குத் தோன்றியது. ஏதாவது ஜோக் சொல்லலாமா என்று யோசித்தான். ஒன்றும் வரவில்லை. அவனுக்கு அது அபூர்வம்.

வெளியே நடைபாதையில் காசியன் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான். முதுகு சுவரில், காதில் போன், மடியில் மருத்துவமனைகளின் பட்டியல். மருத்துவமனை மருத்துவமனையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அலாரத்தை யாராவது கையால் நிறுத்திக் கிளப்பினார்களா, சமீபத்தில் லேட்டாக அடித்ததா என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். இல்லை. இல்லை. யார் நீங்க? இல்லை. ஒவ்வோர் 'இல்லை'க்கும் ஒரு தடவை மூச்சு விட்டான்.

அடுத்த அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டான். லுகோஜ் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன மருத்துவமனை. எடுத்தவள் அவசரத்தில் இருந்தாள்.

"அலாரமா? ஆமா, ரெண்டு நாளா எல்லாமே லேட்டாத்தான் அடிக்குது. ஸ்பீக்கர்ல கோளாறுன்னு சொல்லி ஆளை வரச்சொல்லியிருக்கோம். நாளைக்கு வர்றாரு. ஏன் கேக்குறீங்க?"

காசியன் எழுந்து நின்றான்.

"வார்டுல இப்ப எத்தனை பேரு?"

"ஒரு கட்டில்கூடக் காலி இல்ல. கொஞ்சம் இருங்க, இங்க ஒரே கூட்டம். பார்வையாளர் நேரம் இப்பத்தான் ஆரம்பிச்சுது."

"அம்மா, போனை வைக்காதீங்க!" காசியனின் கத்தல் நடைபாதை முழுக்க எதிரொலித்தது. "யாரையும் உள்ள விடாதீங்க. கட்டிலுக்குக் கட்டில் ஒரு ஆளை நிறுத்துங்க. காதை நம்பாதீங்க, ஒவ்வொரு திரையையும் கண்ணால பாருங்க. நான் சொல்றதை அப்படியே தட்டுங்க, புது ஜன்னல்லேர்ந்து. புது ஜன்னல், கேக்குதா?"

போனின் மறுபக்கம் நாற்காலி கவிழும் சத்தமும், யாரோ ஓடும் சத்தமும் கேட்டன.

ரெமுஸ் தன் போனை எடுத்தான். பட்டியலில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம். அவசரத்தில் எண் தப்பாக விழுந்தது. பக்கத்திலிருந்து ஒரு கை வந்து போனை வாங்கிக்கொண்டது.

சிதோனியா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த நம்பரைச் சொல்லு" என்றாள்.